ஊமைப்படத்துக்கு எதுக்குங்க சென்சார்? – வாசகர் கேள்வி பதில்

போன தடவை பழைய சினிமா பத்தி ஒரே ஒரு பதில் போட்டேன், அதுக்கு வந்த கேள்விகளை பாத்தா இந்த இதழ் முழுக்க ஊமைப்படம்தான் ஓடணும் போல. ஒரே மாதிரி கேள்விகளை சேர்த்துட்டு, சண்டை போட வந்தவங்களை மட்டும் முன்னாடி வச்சிருக்கேன்.

மதுரை வாசகர்: வசனமே கிடையாது, பாட்டு கிடையாது. ஊமைப்படத்துல வெள்ளைக்காரன் எதைத்தான் சார் வெட்டினான்?

வாய் இல்லைன்னா என்ன, கண்ணு இருக்கே. இன்னும் சொல்லப்போனா அவன் பயந்ததே அதுக்குத்தான். பேப்பர்ல எழுதினா படிச்சவன் மட்டும்தான் படிப்பான், மேடையில பேசினா அந்த பாஷை தெரிஞ்சவனுக்குத்தான் புரியும், ஆனா ஊமைப்படம் பெஷாவர்ல ஓடினாலும் பெரியகுளத்துல ஓடினாலும் பாக்கறவனுக்கு புரிஞ்சுடும், எழுத்து தெரியாதவனும் நாலணா கொடுக்க முடியாதவனும் தரையில உக்காந்து பாத்துட்டு போயிடுவான். அதனால 1918ல சினிமாட்டோகிராப் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, 1920ல பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், ரங்கூன்னு நாலு ஊர்ல சென்சார் போர்டு வந்துச்சு, லாகூர்ல பின்னாடி வந்துச்சு.

சட்டத்துல ரெண்டு வேலை இருந்துச்சு. ஒண்ணு, கொட்டகை பத்திக்காம பாத்துக்கறது. இதை சும்மா சாக்குன்னு ஒதுக்கிட முடியாது, அந்தக் கால பிலிம் நைட்ரேட், ஒரு பொறி பட்டா போதும், தண்ணி ஊத்தினாலும் அணையாது, லைசென்ஸ் இல்லாம கொட்டகை நடத்த விட்டா ஆள் செத்துடுவான். ரெண்டாவது வேலைதான் நீங்க கேக்கறது, எதை காட்டலாம் எதை காட்டக்கூடாதுங்கறது. மெட்ராஸ்ல இந்த போர்டுக்கு தலைவர் யாருன்னு நினைக்கறீங்க? போலீஸ் கமிஷனர்! பம்பாய் போர்டுல போலீஸ் கமிஷனரோட கஸ்டம்ஸ் கலெக்டரும் உக்காந்திருந்தார், ஏன்னா படம் முக்காவாசி கப்பல்லதான் வந்துச்சு. கூடவே கல்வித்துறை ஆளு ஒருத்தர், ஊர்ப் பெரிய மனுஷங்க மூணு பேர். சினிமா எடுத்தவன்? அவன் கதவுக்கு வெளியில. இதை மனசுல வச்சுக்கிட்டு மத்த பதிலையும் படிங்க, அந்த சென்சார் கலைக்கு மார்க் போட வந்தது இல்லை, பந்தோபஸ்து வேலைதான்.

சேலம் வாசகர்: நம்ம முதல் படம் 'கீசகவதம்' சென்சார் ஆச்சா? சர்ட்டிபிகேட் எங்கயாவது இருக்கா?

ஆகலை, இருக்காது. நடராஜ முதலியார் அதை 1917ல எடுத்தார்னும் 1918னும் ரெண்டு விதமா எழுதறாங்க, எதை வச்சுக்கிட்டாலும் போர்டு வர்றதுக்கு முன்னாடியே படம் ஓடி முடிஞ்சாச்சு.

திருநெல்வேலி வாசகர்: மெட்ராஸ்ல தடை பண்ண முதல் பெரிய படம் மகாபாரதக் கதையாமே? சாமி படத்தை போய் ஏன் சார் தடை பண்ணணும்?

'பக்த விதுர்' பத்தி கேக்கறீங்க. 1921, பம்பாய் கோஹினூர் கம்பெனி படம், டைரக்டர் காஞ்சிபாய் ராத்தோட், கம்பெனி முதலாளி துவாரகதாஸ் சம்பத்தே விதுரரா நடிச்சார். விதுரர்னா யாரு, துரியோதனன் சபையில நியாயம் பேசற ஆளு. அவர் எப்படி வர்றார்னா கதர் சட்டை, தலையில காந்தி குல்லா! ஹஸ்தினாபுரத்துல ஏதுங்க காந்தி குல்லா? பாத்தவனுக்கு ஒரு நொடியில புரிஞ்சுது, கௌரவர்கள் யாருங்கறதும் சேர்த்தே புரிஞ்சுது. ரௌலட் சட்டம், ஜாலியன்வாலாபாக் எல்லாம் நடந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது, ஒத்துழையாமை இயக்கம் உச்சத்துல இருக்கு. கராச்சியில நிறுத்தினாங்க, மெட்ராஸ்ல நிறுத்தினாங்க.

இதுல ஒரு சட்ட நுணுக்கம் இருக்கு, பல பேர் கவனிக்கறது இல்லை. ஒரு போர்டு சர்ட்டிபிகேட் கொடுத்துட்டா அது நாடு முழுக்க செல்லும்னுதான் விதி. ஆனா அந்தந்த மாகாண சர்க்காரோ ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டோ நினைச்சா தன் எல்லைக்குள்ள அந்த சர்ட்டிபிகேட்டை செல்லாம பண்ணிடலாம். அதாவது பம்பாய்ல பாஸான படத்தோட பெட்டியை தூக்கிக்கிட்டு ரயில் ஏறி வந்தா மெட்ராஸ்ல இறங்கினதும் திரும்பிப் போன்னு சொல்லலாம். படம் எடுத்தவன் எதை நம்பி காசு போடுவான்? எனக்கு வெட்டினதை விட இதுதான் பெரிய அநியாயமா படுது, வெட்டினாக்கூட மிச்சத்தை ஓட்டலாம், எந்த ஊர்ல எப்போ நிறுத்துவான்னு தெரியாத சரக்குக்கு எவன் கடன் கொடுப்பான் சொல்லுங்க.

பேரை மாத்தி தப்பிச்ச கதையும் உண்டு. மராத்தி டைரக்டர் சாந்தாராம் சிவாஜி கதையை எடுத்துட்டு 'சுவராஜ்யத் தோரணம்'ங்கற மாதிரி பேர் வச்சார், சுவராஜ்யமாம், அதுவும் 1930ல! சும்மா விடுவாங்களா, பேர் 'உதய்கால்'னு மாறுச்சு. அதே வருஷம் காந்தி தண்டிக்கு நடந்ததை காமிராவுல பிடிச்ச சின்னச் சின்ன படங்களையும் தடை பண்ணினாங்க, அதுக்கு கதையும் இல்லை வேஷமும் இல்லை, ஒரு கிழவர் நடந்து போறார், அவ்வளவுதான்.

காரைக்குடி வாசகர்: அந்தக் காலத்துல ஊர்ல பாதிப்பேருக்கு படிக்கத் தெரியாது. திரையில வர்ற எழுத்தை யார் படிச்சு சொன்னா?

இதுக்குன்னே ஒரு ஆள் இருந்தார். திரைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு டைட்டில் கார்டை சத்தமா படிப்பார், படிக்கறதோட விடுவாரா, இவர்தான் கீசகன், பாவி எப்படி பாக்கறான் பாருங்கன்னு தன் சொந்த சரக்கையும் அவிழ்த்து விடுவார். நல்லா கதை சொல்ற ஆள் இருக்கற கொட்டகைக்கு கூட்டம் தனியா வரும். தபலா, ஹார்மோனியம்னு பக்கவாத்தியம் வேற. சாயங்காலம் ஆனா மாட்டுவண்டியில பேண்டு வாத்தியம் வச்சு தெருத்தெருவா நோட்டீஸ் வீசிட்டுப் போவாங்க, ரீல் மாத்தற நேரத்துல ஆட்டம், குஸ்தின்னு எதையாவது காட்டி கூட்டத்தை உக்கார வச்சிருப்பாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க, போர்டு பாத்து பாஸ் பண்ணினது ரீலைத்தான், பக்கத்துல நிக்கறவன் வாயை யார் பாஸ் பண்ணினது? சாமி படம் ஓடும்போது அவன் பாரத மாதான்னு சொன்னா எந்த ரீலை வெட்டுவ? என் கணிப்புல அந்த சென்சாரோட பெரிய ஓட்டையே இதுதான். நாடகத்துல இதை நல்லா அனுபவிச்சவங்க அவங்க, நாடகத்தை அடக்க 1876லயே தனிச் சட்டம் போட்டாச்சு, அப்படியும் நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்துல வந்து வெள்ளைக் கொக்கு பறக்குதடின்னு பாடினா போலீஸ் திணறிப்போகும், புடிச்சு உள்ள போடுவாங்க, வெளிய வந்து மறுபடி அதே பாட்டை பாடுவார். பேச முடியாத சினிமா அவங்களுக்கு அதைவிட கொஞ்சம் நிம்மதியாவே இருந்திருக்கும்.

கோவை வாசகி: முத்தக்காட்சி எல்லாம் அப்பவே இருந்துச்சுன்னு என் பேரன் சொல்றான். பொய்தானே?

பேரன் சொல்றது நிஜம்மா. 1929ல ஹிமான்ஷு ராய் எடுத்த 'எ த்ரோ ஆஃப் டைஸ்' படத்துல சீதா தேவியும் சாரு ராயும் முத்தம் கொடுத்துக்கறாங்க, அதை பாத்து யாரும் மயங்கி விழல. இந்தியாக்காரன் இந்தியாக்காரிக்கு முத்தம் கொடுத்தா துரைக்கு கவலை இல்லை. அமெரிக்கப் படத்துல வெள்ளைக்காரி ஆட்டம் போடறதையும் குடிச்சுட்டு கூத்தடிக்கறதையும் கூலிக்காரன் தரையில உக்காந்து பாக்கறானே, நாளைக்கு நம்ம மெம்சாப்புக்கு எவன் சலாம் போடுவான்னுதான் வயித்தெரிச்சல். இதை நான் கிண்டலுக்கு சொல்லல, ஒரு பெரிய கமிட்டி போட்டதுக்கு காரணமே இந்தப் புலம்பல்தான், அடுத்த பதில்ல வருது.

சென்னை மயிலாப்பூர் வாசகர்: ரங்காச்சாரியார் கமிட்டி, ரங்காச்சாரியார் கமிட்டின்னு எல்லாரும் எழுதறாங்க. அப்படி என்னதான் செஞ்சார்? ரிப்போர்ட் எழுதினதோட சரியா?

உங்க ஊர் வக்கீல்தான் சார், திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார், டெல்லி சட்டசபையில துணைத் தலைவரா எல்லாம் இருந்தவர். 1927ல இந்தியன் சினிமாட்டோகிராப் கமிட்டின்னு போட்டு அவரை தலைவராக்கினாங்க. மூணு வெள்ளைக்காரர், மூணு இந்தியர். சென்சார் போதுமா, இன்னும் இறுக்கணுமான்னு பாருங்கங்கறது வெளியில சொன்ன காரணம். உள்ளுக்குள்ள விஷயம் வேற. அப்போ இந்தியாவுல ஓடின படத்துல நூத்துக்கு எண்பதுக்கு மேல அமெரிக்கப் படம், பிரிட்டிஷ் படத்தை சீண்ட ஆள் இல்லை. 1926ல லண்டன்ல சாம்ராஜ்ய மாநாடு கூட்டி நம்ம சாம்ராஜ்யத்துல நம்ம படம் ஓடலையேன்னு பேசி வச்சிருந்தாங்க. அமெரிக்கப் படம் ஒழுக்கத்தைக் கெடுக்குதுன்னு இந்தியாக்காரன் வாயாலயே சொல்ல வச்சுட்டா, சாம்ராஜ்யப் படத்துக்கு சலுகை வாங்கிடலாம்.

ரங்காச்சாரியார் ஊர் ஊரா போனார். லாகூர், பெஷாவர்ல இருந்து ரங்கூன் வரைக்கும். 4325 பேருக்கு கேள்வித்தாள் அனுப்பினாங்க, 353 சாட்சிகளை உக்கார வச்சு விசாரிச்சாங்க, போலீஸ்காரர், வாத்தியார், கொட்டகைக்காரர், பாதிரியார், 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்த பால்கே மாதிரி ஆளுங்க, எல்லாரையும். காந்திக்கும் ஒரு கேள்வித்தாள் போச்சு, நான் சினிமாவுக்கு போனதே இல்லை, ஆனா அது செய்யற கெடுதல் வெளியில இருக்கறவனுக்கே தெரியுது, நல்லது ஏதாச்சும் இருந்தா இனிமேதான் நிரூபிக்கணும்னு பதில் எழுதி முடிச்சுட்டார். (யாரை திரையில காட்டினா மாகாணமே நடுங்குதோ அந்த மனுஷன் படமே பாக்கலை!)

1928ல ரிப்போர்ட் வந்துச்சு. படிச்சா ஆச்சரியமா இருக்கும். மேல்நாட்டுப் படத்தால வெள்ளைக்காரங்க மானம் போகுதுங்கற கதையை பெருசா எடுத்துக்கல, இருக்கற சென்சார் போதும்னுட்டார், பிரிட்டிஷ் படத்துக்கு சலுகை கொடுக்க வேண்டாம்னுட்டார், அதுக்கு பதிலா இந்தியப் படத்தை தூக்கி விடுங்க, கச்சா பிலிமுக்கு வாங்கற இறக்குமதி வரியை எடுங்க, படம் எடுக்க கடன் கொடுங்க, கொட்டகையில இந்தியப் படத்துக்குன்னு ஒரு பங்கு ஒதுக்குங்கன்னு எழுதினார். கமிட்டியில இருந்த வெள்ளைக்கார உறுப்பினர்கள் இதுக்கெல்லாம் சர்க்கார் காசு கொடுக்கக்கூடாதுன்னு தனியா மறுப்பு எழுதி வச்சாங்க. சர்க்கார் என்ன பண்ணுச்சு? ரிப்போர்ட்டை அலமாரியில வச்சு பூட்டுச்சு. நீங்க கேட்ட "ரிப்போர்ட்டோட சரியா"ங்கறது சரிதான், ஆனா அதுல அந்தக் கால ஆளுங்க சொன்ன சாட்சியம் பக்கம் பக்கமா அச்சாகி இருக்கு பாருங்க, இன்னைக்கு ஊமைப்படக் காலத்தைப் பத்தி நம்ம வாயைத் திறக்கறதே பெரும்பாலும் அதை வச்சுத்தான்.

திருச்சி வாசகர்: சென்சார் கதை போதும். காசு யாருக்கு போச்சு? ஊமைப்படம் எடுத்து யாராவது பொழச்சாங்களா?

எடுத்தவன் பொழைக்கல, ஓட்டினவன் பொழைச்சான், அதுலயும் எல்லாரும் இல்லை.

உங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கலாம். சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சி ரயில்வே ஆபீஸ்ல படம் வரையற குமாஸ்தா. 1905ல டுபான்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஊர் ஊரா படம் காட்டிக்கிட்டு வந்தவர் உடம்பு முடியாம ஊருக்கு கிளம்பறார், அவர்கிட்ட இருந்து ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல கொடுத்து ப்ரொஜெக்டரையும் இயேசு வாழ்க்கை மாதிரி சில துண்டுப் படங்களையும் வாங்கிட்டார். வேலையை விட்டுட்டு டென்ட்டை தூக்கிக்கிட்டு வடக்க லாகூர் பக்கம், கிழக்க பர்மான்னு சுத்தினார், 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டினார், அந்த ரோட்டுக்கு இன்னைக்கும் அதுதான் பேர். அதே 1914ல மெட்ராஸ்ல ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டர் கட்டினார், மவுண்ட் ரோடு பக்கம், இந்தியர் ஒருத்தர் மெட்ராஸ்ல கட்டின முதல் சினிமா தியேட்டர். அவர் போட்டோ ஸ்டூடியோக்காரர், ஸ்டூடியோவை அடகு வச்சு க்ரோனோமெகாபோன்னு படம் காட்டற மிஷின் ஒண்ணு வாங்கி இலங்கை, பர்மா எல்லாம் காட்டிட்டு வந்த காசு. அப்புறம் கிரவுன், குளோப்னு கட்டினார், கடைசியில கடன்ல எல்லாம் கைமாறிப் போச்சு.

எடுத்தவங்க கணக்கு வேற. நடராஜ முதலியார் மோட்டார் உதிரிபாகம் வித்தவர், பூனாவுல ஸ்டீவர்ட் ஸ்மித்னு ஒரு காமிராமேன்கிட்ட தொழில் கத்துக்கிட்டு வந்து புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டுல ஒரு பங்களாவை ஸ்டூடியோவா மாத்தினார். கழுவறதுக்கு பெங்களூர் போகணும், மெட்ராஸ் வெயில்ல பிலிம் உருகிடும்னு லேப்பை அங்க வச்சார், இன்னைக்கு எடுத்தது எப்படி வந்திருக்குன்னு பாக்க ரயில் டிக்கெட் வாங்கணும்! 'கீசகவதம்' 6000 அடி, 35 ஆயிரம் செலவு, 50 ஆயிரம் வசூல்னு சொல்வாங்க, நல்ல லாபம்தான். ஆனா அடுத்தடுத்து எடுத்துக்கிட்டே இருந்தவருக்கு 1923 வாக்குல ஸ்டூடியோ தீப்பிடிச்சுது, பையனும் இறந்துட்டான், மனுஷன் சினிமாவையே விட்டுட்டார். எந்த சென்சாரும் அவரை நிறுத்தல பாருங்க.

சரி, ஏன் இங்க படத்தொழில் வேர் பிடிக்கலன்னா அமெரிக்கப் படத்தோட விலைதான். அவன் போட்ட காசை அவன் ஊர்லயே எடுத்துட்டான், இங்க வர்றது மேல்வரும்படி, அதனால எவ்வளவு குறைச்சு வேணா வாடகைக்கு விடுவான். யுனிவர்சல் கம்பெனி 1916லயே இந்தியாவுல ஆபீஸ் திறந்துட்டான். எடி போலோங்கற ஹாலிவுட் சண்டை நடிகர் குதிரையில குதிக்கற சீரியல் படம் வாராவாரம் புதுசா வரும்போது, கொட்டகைக்காரன் அதிக வாடகை கொடுத்து நம்ம முதலியார் படத்தை எதுக்கு எடுக்கணும்? நம்ம ஆளு கச்சா பிலிமுக்கு வரி கட்டி, காமிராவுக்கு வரி கட்டி, ஒரே ஒரு மாகாணத்துல போட்ட காசை எடுக்கணும். போதாததுக்கு வடக்க கல்கத்தா மதன் கம்பெனி கொட்டகைகளை வரிசையா வளைச்சுப்போட்டு, பர்மா இலங்கை வரைக்கும் கடை விரிச்சு, எடுக்கறதும் இறக்குமதியும் ஓட்டறதும் எல்லாம் தானேன்னு உக்காந்திருந்துச்சு.

சாமி படம் மட்டும் இந்தக் கணக்கை உடைச்சுது. பால்கேவோட 'லங்கா தகனம்' 1917ல வந்தப்போ மெட்ராஸ்ல வசூலான சில்லறைக் காசை மாட்டுவண்டியில ஏத்தி போலீஸ் காவலோட கொண்டு போனாங்கன்னு ஒரு கதை உண்டு. கொஞ்சம் உப்பு தூவின கதையா இருக்கலாம், ஆனா எல்லா ஊர்லயும் ராமாயணம்தான் ஏன் எடுத்தாங்கன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

ஈரோடு வாசகி: அந்தப் படங்கள்ல பெண்கள் நடிச்சாங்களா?

1913ல பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்கு பொம்பளை கிடைக்காம ஹோட்டல்ல சமையல் வேலை பாத்த சாலுங்கேங்கற பையனை தாராமதியாக்கினார், அவரே 'லங்கா தகன'த்துல ராமரும் சீதையும்! நம்ம பக்கம் நாடக நடிகைகள் வந்துட்டாங்க, தமிழ்ப் பேசும்படத்துல முதல் கதாநாயகின்னு நீங்க கேள்விப்பட்ட டி.பி. ராஜலட்சுமி 1931ல 'காளிதாஸ்' வர்றதுக்கு முன்னாடியே ஊமைப்படத்துல நடிச்சவங்கதான். ஆனா மலையாளத்தோட முதல் ஊமைப்படம் 'விகதகுமாரன்'ல நடிச்ச ரோசியை திருவனந்தபுரத்துல என்ன பாடு படுத்தினாங்கன்னு தெரியுமில்ல, தாழ்த்தப்பட்ட பொண்ணு நாயர் பொண்ணா நடிச்சுட்டான்னு ஊரை விட்டே துரத்தினாங்க. அந்த கத்திரிக்கு சர்ட்டிபிகேட், போர்டு எதுவும் தேவைப்படல.

யாழ்ப்பாணத்து வாசகர்: இலங்கையிலயும் அந்த நாளில் படத் தடை இருந்ததோ?

இருந்தது. புத்தர் கதையை 'லைட் ஆஃப் ஏசியா'னு ஹிமான்ஷு ராய் 1925ல ஜெர்மன் கம்பெனியோட சேர்ந்து எடுத்தார், அவரே புத்தர். லண்டன்ல மாசக்கணக்குல ஓடுச்சு, இங்கிலாந்து ராஜாவே பாத்தார். உங்க ஊர்லயும் மலாய் நாட்டுலயும் தடை, புத்தரா ஒரு நடிகன் வந்து நிக்கறதை பௌத்தர்கள் ஏத்துக்க மாட்டாங்கன்னு. அங்க அதுக்கு காரணம் அரசியல் இல்லை, மதம்.

கடலூர் வாசகர்: இவ்வளவு சொல்றீங்களே, ஒரு படமாவது பாக்க கிடைக்குமா? கிடைக்காத படத்துக்கு எதுக்கு இத்தனை பேச்சு?

கோவம் நியாயம்தான். நாட்டுல 1300க்கு மேல ஊமைப்படம் வந்துச்சு, மிஞ்சினது ரொம்ப ரொம்ப கொஞ்சம். நடராஜ முதலியார் எடுத்ததுல ஒண்ணு கூட கிடையாது. பேசும்படம் வந்ததும் பழைய பிரிண்ட்டை எடைக்குப் போட்டாங்க, பிலிம்ல இருக்கற வெள்ளியை சுரண்டி எடுத்தாங்க, மிச்சம் தானே எரிஞ்சுது, உளுத்துப் போச்சு. எந்த போலீஸ் கமிஷனரும் இவ்வளவு படத்தை அழிக்கல, நம்ம வியாபாரிகளே அழிச்சாங்க.

ஒரு படம் பொழைச்ச கதையை கேளுங்க. நாகர்கோவில் சுந்தரராஜ் 1933ல 'மார்த்தாண்ட வர்மா' நாவலை ஊமைப்படமா எடுத்தார், டைரக்டர் பி.வி. ராவ். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டர்ல போட்டதும் நாவலோட பதிப்பு உரிமை எங்ககிட்ட இருக்குன்னு கமலாலயா புக் டிப்போ கேஸ் போட்டு படத்தை முடக்கிட்டாங்க. படம் எடுத்த சுந்தரராஜ் நொடிச்சுப்போனார். பிரிண்ட் புத்தகக் கம்பெனி கையிலயே கிடந்துச்சு, 1974ல கண்டுபிடிச்சு புனே ஆவணக் காப்பகத்துக்கு கொண்டு போனாங்க. ஓடியிருந்தா தேஞ்சு கிழிஞ்சு எடைக்குப் போயிருக்கும், கேஸ்ல மாட்டினதால தென்னிந்திய ஊமைப்படத்துல பாக்கறதுக்குன்னு மிஞ்சின அபூர்வத்துல ஒண்ணா நிக்குது.

வீட்டுலயே பாக்கணும்னா பால்கேவோட 'ராஜா ஹரிச்சந்திரா' மிச்ச ரீல், 'காளிய மர்தன்' ரெண்டும் யூடியூப்ல கிடைக்கும், பால்கே பொண்ணு மந்தாகினிதான் கிருஷ்ணர், அந்தக் குழந்தையோட முகத்துக்காகவே பாருங்க. 'எ த்ரோ ஆஃப் டைஸ்' பிரிட்டன்ல சுத்தம் பண்ணி புது இசையோட வெளிவந்திருக்கு. கோவை பாட்டி, பேரனையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க, முத்தம் வர்ற இடத்துல அவன் முகத்தைப் பாத்து எனக்கு எழுதுங்க.